ரூம் போடும் முன் ஒரு கணக்கு: பாயிண்டா, தள்ளுபடியா?

மூன்று வருடம் அலுவலக வேலையாக ஹைதராபாத்துக்கும் பெங்களூருக்கும் போய் வந்ததில், ஒரு விடுதிச் சங்கிலியில் ஐம்பதாயிரம் பாயிண்டுக்கு மேல் சேர்த்திருந்தேன். தங்கும்போது உறுப்பினர்களுக்கு விடுதி தரும் பாயிண்ட் அது; பிறகு பணத்துக்குப் பதிலாக அதைக் கொடுத்து அறை எடுக்கலாம். குடும்பத்தோடு ஒரு நல்ல பயணம் போகும்போது எடுக்கலாம் என்று தொடாமலே வைத்திருந்தேன். அந்தப் பயணம் வந்து கணக்கைத் திறந்தபோது பூஜ்யம். இரண்டு வருடம் எந்த நடமாட்டமும் இல்லாததால் பாயிண்ட் காலாவதி ஆகிவிட்டது என்றார்கள். அந்த இரண்டு வருடமும் அதே சங்கிலியில்தான் தங்கியிருந்தேன். ஆனால் விலை குறைவு என்று, பல விடுதிகளின் அறைகளை இணையத்தில் விற்கும் தள்ளுபடித் தளம் வழியாக ரூம் போட்டதால், ஓர் இரவுகூடக் கணக்கில் ஏறவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு புக்கிங்கிலும் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பழகிவிட்டேன். புதிதாக இதில் இறங்குகிறவர்களுக்காக அந்த முறையை வரிசையாக எழுதுகிறேன். இந்தியாவில் இருந்துகொண்டு ரூபாயில் செலவு செய்கிறவர்களை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

1. முதலில் உறுப்பினர் ஆகுங்கள், பெயரைச் சரியாகக் கொடுங்கள்

மாரியட், ஹில்டன், ஐஎச்ஜி, ஹயாத், அக்கோர் எனப் பெரிய விடுதிச் சங்கிலிகள் எல்லாவற்றிலும் அடிப்படை உறுப்பினர் ஆவது இலவசம். மின்னஞ்சல் இருந்தால் ஐந்து நிமிடம். தாஜ் விடுதிகளுக்கு டாடா குழுமத்தின் ஆப்பான டாடா நியூவில் கணக்கு இருந்தால் போதும். ரூம் போடுவதற்கு முன்பே சேருங்கள். தங்கி முடித்த பிறகு சேர்ந்துவிட்டுப் பழைய இரவுகளுக்குப் பாயிண்ட் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது.

நம்மவர்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. அதுதான் இனிஷியல். ஆதாரில் இனிஷியல் முன்னால் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக விரிந்து குடும்பப் பெயராக நிற்கும், கிரெடிட் கார்டில் வேறு மாதிரி இருக்கும். உறுப்பினர் கணக்கில் உள்ள பெயரும் ரூம் போட்ட பெயரும் ஒத்துப்போகாவிட்டால் பாயிண்ட் தானாக ஏறாது. அப்புறம் கேட்டாலும், ‘இது வேறு ஆள்’ என்று பதில் வரும். பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே கணக்கைத் தொடங்குங்கள். உள்நாட்டுப் பயணத்துக்கும் அதே பெயரையே எழுதுங்கள்.

எந்தச் சங்கிலியில் சேர்வது என்பதை விளம்பரம் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நீங்கள் உண்மையில் போகிற ஊர்களில் எது இருக்கிறது என்று பாருங்கள். வேலைக்காக அடிக்கடி மதுரை, கோவை போகிறவருக்கு மாரியட் குழுமத்தின் விடுதிகள் கிடைக்கும். ராமேஸ்வரத்தில் ஹயாத் பிளேஸ் இருக்கிறது. உங்கள் பயணம் முழுக்கக் கும்பகோணம், திருவண்ணாமலை, காரைக்குடி என்றால் பாயிண்ட் யோசனையையே விட்டுவிடலாம். அங்கெல்லாம் உள்ளூர் விடுதிக்கு நேரடியாகப் போன் செய்து விலை கேட்பதுதான் பல நேரம் மலிவு.

2. கடைசி விலையை எழுதுங்கள், முதல் விலையை அல்ல

ஒரே அறை, ஒரே தேதி, ஒரே ரத்து விதி, ஒரே காலை உணவு. இந்த நான்கும் ஒன்றாக இருந்தால்தான் விலைகளை ஒப்பிட முடியும். ஒரு தாளில் மூன்று எண்களை எழுதிக்கொள்ளுங்கள்: சங்கிலியின் சொந்த ஆப்பில் உறுப்பினர் விலை, தள்ளுபடித் தளத்தில் விலை, அதே தளத்தில் வங்கிக் கார்டுச் சலுகை கழித்த விலை. மூன்றையும் பணம் கட்டும் பக்கம் வரை போய்ப் பார்த்து எழுதுங்கள். முதல் பக்கத்தில் வருவது வரி சேராத விலை. தளத்தின் சேவைக் கட்டணமும் கடைசிப் பக்கத்தில்தான் தலைகாட்டும்.

இந்தியாவில் வரியை மட்டும் தனியாகக் கவனிக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல், ஓர் இரவுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதைத் தாண்டினால் 18 சதவீதம். கூடுதல் தொகைக்கு மட்டும் 18 என்பதில்லை, முழு வாடகைக்கும் 18.

இதனால் என்ன ஆகிறது என்று பாருங்கள். எல்லோருக்குமான விலை 7,800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 18 சதவீதம் சேர்த்தால் 9,204. அதே அறைக்கு உறுப்பினர் விலை 5 சதவீதம் குறைந்து 7,410 ஆகிறது. இப்போது வரி 5 சதவீதம்தான், மொத்தம் ஏறக்குறைய 7,780. வாடகையில் 390 ரூபாய் குறைந்ததற்கு, கையிலிருந்து போவதில் 1,424 ரூபாய் குறைந்துவிட்டது. இந்த 7,500 ரூபாய்க் கோட்டுக்குப் பக்கத்தில் விலை நிற்கும்போதெல்லாம் இதைச் சரிபாருங்கள். காலை உணவு சேர்ந்த விலை 7,500-ஐத் தாண்டி, உணவில்லாத விலை தாண்டாமல் இருந்தால் உணவைத் தனியாக வாங்குவதே மேல். வங்கிச் சலுகையும் கேஷ்பேக்கும் பொதுவாக வரி போட்ட பிறகுதான் கழியும். அதனால் அவை உங்களைக் கோட்டுக்குக் கீழே இறக்காது.

வெளிநாட்டில் வேறு கணக்கு. சிங்கப்பூரில் விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி இருந்தால் 10 சதவீத சேவைக் கட்டணமும், அதையும் சேர்த்த தொகைக்கு 9 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு என்று பொருள். 200 டாலர் அறை 239.80 ஆகிவிடும். மலேசியாவில் வெளிநாட்டவர் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி கட்ட வேண்டும். வெளிநாட்டுப் பணத்தில் கட்டினால் பெரும்பாலான இந்தியக் கார்டுகள் 3.5 சதவீதம் வரை மாற்றுக் கட்டணமும், அந்தக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டியும் பிடிக்கும். ரூபாயில் கட்ட வழியுள்ள இந்தியத் தளத்துக்கு இதனாலேயே ஒரு சின்ன அனுகூலம் உண்டு. விடுதிக் கவுண்ட்டரில் ‘ரூபாயில் கழிக்கட்டுமா?’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த மாற்று விகிதம் கார்டு கொடுப்பதைவிடப் பெரும்பாலும் மோசமாகத்தான் இருக்கும்.

3. ஒரு பாயிண்ட் எத்தனை பைசா?

இதுதான் முக்கியமான படி. இதை மட்டும் செய்தாலே பாதித் தவறு நின்றுவிடும்.

பணமாகக் கட்டினால் ஆகும் மொத்தத் தொகையைத் தேவைப்படும் பாயிண்டால் வகுங்கள். பாயிண்டில் தங்கினாலும் கையில் கட்ட வேண்டிய கட்டணம் ஏதாவது இருந்தால் அதை முதலில் கழித்துவிடுங்கள். பலரும் இங்கே ஒரு தவறு செய்கிறார்கள், நானும் செய்தேன். சங்கிலியின் ஆப்பில் இருக்கும் விலையை வைத்து வகுத்துவிட்டு, பாயிண்டுக்கு நல்ல மதிப்புக் கிடைத்தது என்று நினைத்துக்கொள்கிறோம். வகுக்க வேண்டியது பாயிண்ட் இல்லாவிட்டால் நீங்கள் உண்மையில் கட்டியிருக்கக்கூடிய மிகக் குறைந்த விலையை.

மேலே சொன்ன அறையையே எடுத்துக்கொள்வோம். நேரடி உறுப்பினர் விலை 7,780. தள்ளுபடித் தளத்தில் எல்லாம் சேர்த்து 6,900, ஆனால் ரத்து செய்தால் பணம் வராது. பாயிண்டில் 15,000. ஆப் விலைப்படி ஒரு பாயிண்ட் 52 பைசா. தள்ளுபடி விலைப்படி 46 பைசா. உண்மையான மதிப்பு 46 பைசாதான்.

அடுத்து, நேரடியாகப் பணம் கட்டினால் எவ்வளவு பாயிண்ட் வரும் என்று பாருங்கள். மாரியட்டின் பெரும்பாலான பிராண்டுகளில் அடிப்படை உறுப்பினருக்கு வரி நீங்கலாக ஒரு டாலருக்கு 10 பாயிண்ட். டாலர் 85 ரூபாய் என்று வைத்தால் 7,410 ரூபாய்க்கு ஏறக்குறைய 870 பாயிண்ட். 46 பைசா வீதம் 400 ரூபாய். ஆக நேரடி விலையின் நிஜச் செலவு 7,380. தள்ளுபடித் தளத்தில் 6,900. இன்னும் 480 ரூபாய் வித்தியாசம் இருக்கிறது. அந்த 480 ரூபாய்தான் ரத்து செய்யும் உரிமைக்கு நீங்கள் கொடுக்கும் விலை. பயணம் உறுதி என்றால் கொடுக்க வேண்டாம். சின்னக் குழந்தையோ வயதான பெற்றோரோ கூட வந்தால் நான் கொடுப்பேன். ஒரு முறை கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது மகளுக்குக் காய்ச்சல் வந்து, நான்கு இரவுக்குக் கட்டிய முழுப் பணமும் போனது. மருத்துவரின் சான்றைக் காட்டியும் ஒரு ரூபாய் திரும்பவில்லை.

பொதுவாகச் சொன்னால், அடிப்படை உறுப்பினருக்கு நேரடி புக்கிங்கில் பாயிண்டாகத் திரும்புவது வாடகையில் 5 சதவீதம் அளவுதான். அக்கோரில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும்: பெரும்பாலான பிராண்டுகளில் 10 யூரோவுக்கு 25 பாயிண்ட், 2,000 பாயிண்ட் கொடுத்தால் பில்லில் 40 யூரோ கழிவு. அதாவது சரியாக 5 சதவீதம். அதே குழுமத்தின் ஐபிஸ் விடுதிகளில் பாதிதான். தாஜில் பாயிண்டுக்கு நியூகாயின் என்று பெயர். ஒரு நியூகாயின் ஒரு ரூபாய், வகுக்கவே தேவையில்லை. எனவே ரத்து விதி ஒன்றாகவே இருந்து, தள்ளுபடி விலை 10 சதவீதம் குறைவாக இருந்தால் யோசிக்காமல் தள்ளுபடியை எடுங்கள். பாயிண்ட் சேர்ப்பதற்காகக் கூடுதல் விலை கொடுப்பதில் பொருளே இல்லை.

ஒரு சங்கிலியின் பாயிண்டை இன்னொன்றின் பாயிண்டோடு எண்ணிக்கையில் ஒப்பிடாதீர்கள். ஹயாத் ஒரு டாலருக்கு 5 பாயிண்ட்தான் தருகிறது, ஆனால் அங்கே அறை எடுக்கவும் குறைந்த பாயிண்ட் போதும்.

4. பாயிண்ட் எப்போது ஜெயிக்கும்?

மாரியட்டுக்கு நான் வைத்திருக்கும் கோடு 50 பைசா. அதற்கு மேல் கிடைத்தால் பாயிண்ட், கீழே போனால் பணம். இது என் கோடு. உங்கள் பயணங்களை வைத்து உங்களுக்கு ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த 15,000 பாயிண்ட் அறை என் கோட்டுக்குக் கீழே 46-ல் நின்றது. ஐந்து இரவு தங்குவதாக இருந்தால் கதை மாறும். மாரியட்டில் தொடர்ந்து ஐந்து இரவை ஒரே புக்கிங்கில் பாயிண்டில் எடுத்தால், குறைந்த பாயிண்ட் உள்ள ஓர் இரவு இலவசம். 75,000-க்குப் பதில் 60,000. பணமாகக் கட்டினால் 34,500 ரூபாய். இப்போது ஒரு பாயிண்ட் 57 பைசாவைத் தாண்டிவிட்டது. ஹில்டனிலும் ஐந்தாவது இரவு இலவசம் உண்டு, ஆனால் சில்வரும் அதற்கு மேலும் அந்தஸ்து (அடிக்கடி தங்குகிறவர்களுக்குச் சங்கிலி தரும் உறுப்பினர் நிலை) உள்ளவர்களுக்குத்தான். நான்கு இரவு திட்டமிட்டவர்கள் ஐந்தாவது இரவுக்கு இடம் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். அதே பாயிண்டில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கலாம்.

இன்னொரு சமயம், ஊரே நிரம்பி வழியும் நாட்கள். பொங்கல், நீண்ட வார இறுதி, முகூர்த்த நாட்கள், பெங்களூரில் விமானக் கண்காட்சி நடக்கும் வாரம். வாடகை இரண்டு மடங்காகும். பாயிண்ட் விலையும் ஏறும்தான், ஆனால் எல்லா விடுதியிலும் அதே வேகத்தில் ஏறாது. அந்த இடைவெளியில்தான் பாயிண்டுக்கு மதிப்பு. தள்ளுபடித் தளங்களில் அந்த நாட்களில் தள்ளுபடி என்று பெயருக்குத்தான் இருக்கும்.

பாயிண்டில் போட்ட ரூமைப் பெரும்பாலான விடுதிகளில் ஓரிரு நாள் முன்பு வரை ரத்து செய்யலாம், பாயிண்ட் கணக்குக்குத் திரும்பும். சுற்றுலாத் தலங்களில் இந்தக் கெடு ஒரு வாரத்துக்கு மேலும் இருக்கும், எனவே விதியைப் படித்துக்கொள்ளுங்கள். தேதி தெரிந்தவுடன் பாயிண்டில் ஒரு ரூம் போட்டுவைத்து, அப்புறம் வாரம் ஒரு முறை பண விலையைப் பார்ப்பது என் வழக்கம். விலை இறங்கினால் பணத்தில் மாற்றிக்கொள்வேன்.

பாயிண்ட் இரவில் அறை வாடகையும் பொதுவாக அதன் வரியும் அடங்கும். உணவும் கூடுதல் படுக்கையும் அடங்காது. வாடகைக்கு மேல் ரிசார்ட் கட்டணம் என்று தனியாக வாங்கும் இடங்களில் ஹில்டனும் ஹயாத்தும் பாயிண்ட் இரவுக்கு அதை விட்டுவிடுகின்றன. மாரியட்டில் பல விடுதிகள் வாங்கிவிடும்.

5. அந்தஸ்து என்ற ஆசை

மாரியட்டில் ஆண்டுக்கு 10 இரவு தங்கினால் சில்வர், 25 இரவு கோல்டு, 50 இரவு பிளாட்டினம். பாயிண்டில் தங்கும் இரவுகளும் இதில் சேரும். தள்ளுபடித் தள இரவுகள் சேராது. அலுவலகச் செலவில் ஆண்டுக்கு முப்பது, நாற்பது இரவு வெளியூரில் தங்குகிறவருக்கு இது பயன் தரும். ஆண்டுக்கு ஒரு முறை நான்கு நாள் விடுமுறை எடுக்கும் குடும்பம் இதைத் தலையில் ஏற்றிக்கொள்ளவே வேண்டாம்.

அலுவலகம் ரூம் போட்டுத் தருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கம்பெனியின் பயணப் பிரிவு மொத்த விற்பனை முகவர் வழியாக எடுத்திருந்தால் பாயிண்ட் வராது. ‘இந்த விலைக்கு உறுப்பினர் பாயிண்ட் உண்டா?’ என்று புக்கிங்குக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். ஜிஎஸ்டி பில் கம்பெனி பெயரில் வேண்டுமென்றால் அதையும் முன்பே சொல்லுங்கள். தளத்தில் பணம் கட்டிவிட்டால் விடுதி உங்களுக்கு வாடகைப் பில் தர மறுக்கலாம். விடுதி எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநில வரிதான் பில்லில் வரும். சென்னையில் மட்டும் பதிவான நிறுவனம் ஹைதராபாத் விடுதியின் வரியைத் திரும்ப எடுக்க முடியாது.

6. புக்கிங் முடிந்த முதல் 24 மணி நேரம்

நேரடியாகப் போட்ட பிறகு அதே அறை வேறு தளத்தில் குறைவாகத் தெரிந்தால் விட்டுவிடாதீர்கள். மாரியட்டில் புக்கிங் செய்த 24 மணி நேரத்துக்குள் விண்ணப்பித்தால், அந்தக் குறைந்த விலைக்கே கொடுத்து அதிலிருந்து 25 சதவீதம் கழிப்பார்கள், இல்லாவிட்டால் 5,000 பாயிண்ட் தருவார்கள். ஹில்டனிலும் விலையை ஒத்துக்கொண்டு 25 சதவீதம் குறைக்கும் உத்தரவாதம் உண்டு. அறை வகை, ரத்து விதி, காலை உணவு, ஆட்களின் எண்ணிக்கை எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய விலையாகவும் இருக்க வேண்டும். உள்நுழைந்தால் மட்டும் தெரியும் விலையும் கூப்பன் விலையும் செல்லாது. தேதியும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு அப்புறம் விண்ணப்பத்தைத் திறங்கள்.

தள்ளுபடித் தளத்தில் போட்டிருந்தால், அன்றோ மறுநாளோ விடுதிக்கே போன் செய்து உங்கள் பெயர் அவர்களிடம் வந்துவிட்டதா, எத்தனை பெரியவர்கள், எத்தனை குழந்தைகள் என்று பதிவாகியிருக்கிறது என்று கேளுங்கள். குழந்தைகளின் வயது தளத்திலிருந்து விடுதிக்குப் போய்ச் சேராமல், கவுண்ட்டரில் கூடுதல் ஆள் கட்டணம் கேட்பது அடிக்கடி நடக்கிறது.

7. செக்-இன் அன்று கையில் இருக்க வேண்டியவை

பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் முகவரியுள்ள அடையாள அட்டை: ஆதார், பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை இவற்றில் ஒன்று. பான் கார்டில் முகவரி இல்லாததால் பல விடுதிகள் ஏற்பதில்லை. ஆதார் என்றால் கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டில் வரும் உறவினர் கூட இருந்தால் அவருடைய பாஸ்போர்ட்டும் விசாவும் வேண்டும். வெளிநாட்டவர் தங்குவதை அரசுக்குத் தெரிவிக்கும் படிவத்தை விடுதி அவருக்காகப் பதிய வேண்டியிருக்கும், அதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

முன்பணம் கட்டிய கார்டையும் எடுத்துப் போங்கள். தம்பி கார்டில் கட்டி அண்ணன் தங்கப் போனால், சில இடங்களில் கார்டைக் காட்டச் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். உறுப்பினர் எண் புக்கிங்கில் ஏறியிருக்கிறதா என்று கவுண்ட்டரிலேயே கேட்டுவிடுங்கள்.

8. கிளம்பிய பிறகு

பாயிண்ட் பெரும்பாலும் பத்து நாளுக்குள் ஏறிவிடும். ஏறாவிட்டால் சங்கிலியின் தளத்தில் விடுபட்ட பாயிண்ட் கேட்கும் பகுதி இருக்கும். அதற்கு விடுதி கொடுத்த இறுதி பில் வேண்டும். புக்கிங் உறுதி மின்னஞ்சல் போதாது. செக்-அவுட்டில் பில்லைக் கேட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். ஒரு மாதத்துக்குள் கேட்டுவிடுவது நல்லது.

பாயிண்ட் குறைகிறதே என்று காசு கொடுத்து வாங்கும் முன் நின்று யோசியுங்கள். மாரியட்டின் வழக்கமான விற்பனை விலை 1,000 பாயிண்டுக்கு 12.50 டாலர். மேலே வைத்த அதே டாலர் கணக்கில் ஒரு பாயிண்ட் 106 பைசா. 46 பைசாவுக்குச் செலவாகும் பொருளை 106 பைசாவுக்கு வாங்குவதா? 40 சதவீதத் தள்ளுபடி போட்டாலும் 64 பைசா வருகிறது.

கடைசியாக, நான் பட்ட இடம். மாரியட், ஹில்டன், ஹயாத் மூன்றிலும் 24 மாதம் நடமாட்டம் இல்லாவிட்டால் பாயிண்ட் போய்விடும். ஐஎச்ஜியில் அடிப்படை உறுப்பினருக்கு 12 மாதம்தான். அக்கோரில் 365 நாள். நடமாட்டம் என்றால் பொதுவாகப் பாயிண்ட் ஏற வேண்டும் அல்லது செலவாக வேண்டும். தள்ளுபடித் தளத்தில் போட்டு ஐம்பது இரவு தங்கினாலும் அது நடமாட்டம் ஆகாது. ஒவ்வொரு சங்கிலிக்கும் கெடு முடிவதற்கு மூன்று மாதம் முன்னால் போன் காலண்டரில் ஒரு நினைவூட்டல் போடுங்கள். அந்த மூன்று மாதத்தில் ஒரே ஓர் இரவை நேரடியாக எடுத்தால் மொத்தப் பாயிண்டும் அடுத்த கெடு வரை நிற்கும். அந்த ஓர் இரவுக்கு மட்டும் தள்ளுபடித் தளத்தைவிட நானூறு, ஐந்நூறு கூடக் கொடுக்கலாம். ஐம்பதாயிரம் பாயிண்ட் என்பது 46 பைசா வீதம் 23,000 ரூபாய்.